எதிராளி இல்லாத பதக்கம்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, பதினோராம் வகுப்பில் நான் வருகைப் பதிவேட்டை மூடி வைத்ததும், கடைசிப் பெஞ்சிப் பையன் ஒருவன் மெதுவாக எழுந்து என் மேஜையண்டை வந்தான். மெதுவாக என்று சொல்லக் காரணம் உண்டு. அவன் நடந்தால் பெஞ்சிகள் ஒதுங்க வேண்டும். வயது பதினாறு, எடை தொண்ணூற்று நான்கு கிலோ. சட்டைப் பையிலிருந்து ஒரு பதக்கத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான். பொன்னிறமாக மின்னிற்று.

"எதில் கிடைத்தது, தம்பி?"

"குத்துச்சண்டையில், சார்."

"பேஷ்! யாரை ஜயித்தாய்?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். "யாரையும் இல்லை, சார். என் எடைக்கு வேறு யாரும் பெயர் கொடுக்கவில்லை. மேடையில் ஏறி நின்றேன். கையைத் தூக்கிவிட்டார்கள்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

அதே பந்தயத்துக்குப் போன இன்னொரு பையன் அன்று வகுப்புக்கே வரவில்லை. அவன் இயல்பான எடை ஐம்பத்தைந்து. அந்தப் பிரிவில் கெட்டிக்காரப் பையன்கள் நிறையப் பேர் என்று கேள்விப்பட்டு, கீழே ஐம்பதுக்கு இறங்கிவிடுவது என்று தீர்மானித்திருக்கிறான். இரண்டு நாள் சோறில்லை. கடைசி நாள் தண்ணீருமில்லை. வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு கடற்கரைச் சாலையில் ஓடியிருக்கிறான். எடை பார்க்கும் இயந்திரத்தில் தேறினான். மேடையில் முதல் சுற்றிலேயே கண் இருண்டு உட்கார்ந்துவிட்டான். "ஐயா, கேட்டால் எடை எடை என்கிறானே தவிர, பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை" என்று அவன் தாயார் மறுநாள் என்னிடம் வந்து அழுதார்.

ஒருவனுக்குச் சண்டை போட ஆளில்லை. இன்னொருவன், ஆள் நெருக்கத்துக்குப் பயந்து தன் தேகத்தையே சுருக்கிக்கொள்கிறான். இவ்விரண்டும் ஒரே நோயின் இரண்டு முகங்கள் என்பது எனக்குச் சில மாதங்கள் கழித்துத்தான் விளங்கியது. புதுவையின் நோய் மட்டுமல்ல இது, தேசத்தின் நோய்.

எடைப் பிரிவு என்றால் என்ன என்று வீட்டிலுள்ள தாய்மார்களுக்கும் தெரிந்திருப்பது நல்லது. குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ, இந்நாளில் இளைஞர்கள் கைப்பேசியில் கண்கொட்டாமல் பார்க்கும் கலப்புச் சண்டை, எல்லாவற்றிலும் வீரர்களை எடைவாரியாகப் பிரித்தே மோதவிடுகிறார்கள். கலப்புச் சண்டையில் குத்தலாம், உதைக்கலாம், மல்லுக்கட்டிக் கீழே தள்ளிக் கழுத்தையும் நெரிக்கலாம். 1993-ல் அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் யு.எப்.சி. என்னும் நிறுவனம் இதைத் தொடங்கியபோது எடைப் பிரிவே கிடையாது. பிரேசில் தேசத்து ராய்ஸ் கிரேஸி என்ற ஒல்லி மனிதர் தம்மிலும் பெரியவர்களை ஒருவர் பின் ஒருவராகப் பிடித்துப் பணியவைத்தார். ஜனங்கள் பிரமித்தார்கள். ஆனால் வித்தை எல்லோருக்கும் பொதுவான பிறகு பெரியவன் கை ஓங்கிவிடும் அல்லவா? 1997-ல் பிரிவுகள் வந்தன. பிற்காலத்தில் ஆடவர் பிரிவுகள் எட்டாயின. 125 ராத்தலில் தொடங்கி 265 ராத்தலில் முடிவன.

இந்தப் படிக்கட்டில் ஒரு வேடிக்கை. கீழ்ப்படிகள் பத்துப் பத்து ராத்தல் உயரம்; மேலே போகப் போகப் பதினைந்து, இருபது. கடைசிப் படியோ 205-லிருந்து ஒரே தாண்டாக 265-க்குப் போகிறது, அறுபது ராத்தல்! ஒலிம்பிக் மல்யுத்தமும் அப்படியே. 57 கிலோவுக்கும் 65 கிலோவுக்கும் நடுவே எட்டுக் கிலோ. 97-க்கும் 125-க்கும் நடுவே இருபத்தெட்டு! ஆட்கள் நிறைந்த இடத்தில் படிகள் நெருக்கம்; ஆளில்லாத இடத்தில் விசாலம். படிகளின் அளவைப் பார்த்தே எங்கே வீரர் பஞ்சம் என்று சொல்லிவிடலாம்.

இனி நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். 2024 வரையில் ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் பாரதம் பெற்ற பதக்கங்கள் எட்டு. 1952-ல் ஹெல்சிங்கியில் கே. டி. ஜாதவ் பெற்ற வெண்கலம் 57 கிலோவில். சுசீல் குமார் 2008-லும் 2012-லும் பெற்றவை 66-ல். யோகேஸ்வர் தத் 2012-ல் 60. சாக்ஷி மாலிக் 2016-ல் பெண்களுக்கான 58. டோக்கியோவில் 2021-ல் ரவி தஹியா 57, பஜ்ரங் பூனியா 65. பாரிஸில் 2024-ல் அமன் சேராவத், மறுபடியும் 57. எழுபத்திரண்டு வருஷங்களில் 66 கிலோவுக்கு மேலே ஒரு பதக்கம்கூட இல்லை. குத்துச்சண்டையில் மூன்று: மேரி கோம் 51, லவ்லினா போர்கோஹைன் 69, விஜேந்தர் சிங் 75. பதினொரு பதக்கங்களிலும் கனத்தது எழுபத்தைந்து கிலோவோடு நின்றுவிட்டது.

"நம் ஜனங்கள் உருவத்தில் சிறியவர்கள், அதற்கென்ன செய்வது?" என்று சிநேகிதர் ஒருவர் கேட்டார். நம் ஆடவரின் சராசரி உயரம் ஏறக்குறைய 165 சென்டிமீட்டர்தான். ஆகையால் கீழ்ப்படிகளில் கூட்டம் கூடுவது இயற்கை. கூட்டம் எவ்வளவு என்று கேட்டால்தான் வயிறு கலங்குகிறது. டோக்கியோவில் வெள்ளிப் பதக்கம் பெற்ற ரவி தஹியா அடுத்த ஒலிம்பிக்குக்குப் போகவே முடியவில்லை. உள்ளூர்த் தேர்வில் அவரைத் தோற்கடித்தவர், டில்லியில் அவர் பயின்ற அதே சத்திரசால் மைதானத்தில் பயின்ற அமன். ஒரே கூரையின் கீழ், ஒரே 57 கிலோவில், உலகத் தரமுள்ள இருவர்! அதே சமயம் பாரிஸுக்கு மற்றப் பிரிவுகளில் நாம் அனுப்பிய ஆடவர் எத்தனை பேர்? 65, 74, 86, 97, 125, ஒன்றிலும் ஒருவருமில்லை. நூற்று நாற்பது கோடி ஜனங்களின் சார்பில் பாரிஸில் மல்லுக்கு நின்ற ஆண்பிள்ளை அமன் ஒருவரே.

வினேஷ் போகாட்டின் கதையைப் படித்து அழாதவர் யார்? அவருக்கு உகந்த 53 கிலோப் பிரிவில் தேசத்தின் ஒரே இடம் அந்திம் பங்கல் என்ற இளம் பெண்ணுக்குப் போய்விட்டது. வினேஷ் 50-க்கு இறங்கினார். முதல் நாள், சர்வதேசப் பந்தயத்தில் தோல்வியே கண்டிராத ஜப்பானிய வீராங்கனை யுயி சுசாகியை வீழ்த்தி, இறுதிச் சுற்றுக்கும் வந்துவிட்டார். அன்றிரவு முழுவதும் ஓடியும், வெந்நீராவி அறையில் வியர்த்தும், கூந்தலைக் கத்தரித்தும், 2024 ஆகஸ்டு 7-ந் தேதி காலையில் எடை நூறு கிராம் அதிகம் காட்டியது. நூறு கிராம் என்பது நம் வீட்டில் ஒரு வேளைச் சாம்பாருக்குப் போடும் துவரம்பருப்பு. அதற்காகப் பதக்கமே போயிற்று. மறு வருஷம் ஜாக்ரெபில் நடந்த உலகப் பந்தயத்தில் அமனும் எடை மிஞ்சித் தள்ளப்பட்டார். நெரிசலில் எல்லோரும் மேலும் மேலும் கீழ்ப்படிக்கு ஒதுங்குவதால் வரும் வினை இது. என் வகுப்புப் பையன் கம்பளிச் சட்டையோடு ஓடியதும் இதே ஓட்டந்தான்.

ஆனால் சிறிய உருவந்தான் காரணம் என்று நான் ஒப்பமாட்டேன். சரித்திரம் வேறு விதமாகப் பேசுகிறது. பயில்வான் என்ற சொல்லைக் கேட்டால் நம் பாட்டிமார் மனத்தில் தோன்றும் உருவம் 57 கிலோவா? 1910-ல் லண்டனுக்குப் போய், போலந்து தேசத்து ஸ்பிஸ்கோ என்ற மாமிச மலையை இரண்டரை மணி நேரம் தரையோடு ஒட்டிக் கிடக்கச் செய்த காமா சுமார் 200 ராத்தல். 1928-ல் பாட்டியாலாவில் அதே ஸ்பிஸ்கோவை ஒரு நிமிஷத்துக்குள் முடித்தார். சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தப் பரம்பரை அறுந்துவிடவில்லை. 1962-ல் ஜாகர்த்தாவில் நடந்த ஆசியப் பந்தயத்தில் மாருதி மானே, கண்பத் ஆந்தல்கர் இருவரும் கனத்த பிரிவுகளில் தங்கம் பெற்றார்கள். ஹவா சிங் என்ற ராணுவ வீரர் 1966, 1970 இரண்டு ஆசியப் பந்தயங்களிலும் கனத்த குத்துச்சண்டைத் தங்கத்தை வாங்கினார். 1982-ல் டில்லியில் சத்பால் 100 கிலோ மல்யுத்தத்திலும், கௌர் சிங் கனத்த குத்துச்சண்டையிலும் வெற்றி பெற்றார்கள். அந்தக் கௌர் சிங் 1980-ல் முகம்மது அலியோடு காட்சிப் பந்தயத்தில் மோதியவர். அதே வருஷம் அலி சென்னைக்கும் வந்து நேரு விளையாட்டரங்கில் கையுறை மாட்டிக்கொண்டதை வட சென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைக்காரர்கள் மறக்கவில்லை.

இதில் ஒரு விசித்திரம். ஹவா சிங் ஓய்வு பெற்ற பின் பிவானியில் குத்துச்சண்டைக் கழகம் கண்டார். அங்கே உருவான விஜேந்தர் 75 கிலோவில் பதக்கம் பெற்றார். சத்பால் சத்திரசாலில் ஆசானாக அமர்ந்தார். அவர் சிஷ்யர் சுசீல் 66 கிலோவில் பெற்றார். யானைகள் பாடம் சொல்லிக் குதிரைகள் ஜயித்தன! பதக்கம் வந்த பிரிவுக்கே பணமும் பயிற்சியும் ஓடின. கொழுத்த பையன் வந்தால் "இளைத்துக்கொண்டு வா" என்றார்கள். யானைக்கொட்டில் காலியாயிற்று.

வேறு காரணங்களும் உண்டு. ராஜாக்கள் இருந்த காலத்தில் கோலாப்பூர் சாகு மகாராஜா, பாட்டியாலா மகாராஜா போன்றவர்கள் பயில்வானுக்குப் பாலும் நெய்யும் பாதாமும் படியளந்தார்கள். இன்று அந்தச் செலவு தகப்பனார் தலையில். நடுத்தரக் குடும்பத்தில் 94 கிலோப் பையனுக்கு நாளொன்றுக்கு ஆறு முட்டையும் இரண்டு லிட்டர் பாலும் என்றால், தங்கையின் பாட்டு வாத்தியாரை நிறுத்தவேண்டியதுதான்.

நம் சொந்த விளையாட்டான கபடியும் பெரிய பையனுக்குக் கதவைச் சாத்திவிட்டது. கிராமத்து மண்ணில் எடைக் கணக்கில்லை. தேசியப் பந்தயத்திலோ ஆடவருக்கு 85 கிலோ மேல்வரம்பு. அதற்கு மேற்பட்டவன் குண்டு எறியப் போகலாம். இல்லாவிட்டால் பள்ளி நாடகத்தில் கும்பகர்ணன்.

எல்லாவற்றிலும் பெரிய காரணம் பயிற்சித் துணை. ஐம்பது கிலோப் பையனுக்கு எந்தத் தெருவிலும் ஜோடி கிடைப்பான். 94 கிலோவைத் தூக்கிப் புரட்ட இன்னொரு 94 கிலோ வேண்டும். சிறிய பையன்களோடு பழகினால் பெரியவன் தன் கனத்தையே நம்பிச் சோம்பேறியாகிறான். கால் நகராது, வித்தை ஏறாது. பிறகு மேடைக்குப் போனால் எதிராளி இல்லை, தங்கம் இனாம். அந்தத் தங்கம் அவனை மாநிலப் பந்தயத்துக்கும் அழைத்துப் போகும். அங்கே முதன்முதலாக ஒரு சரியான அடி விழும். மறுநாளே கையுறையைக் கழற்றி வைத்துவிடுவான்.

இதற்குப் பரிகாரம் உண்டா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பிரெஞ்சு ராணுவத்தில் சேவை செய்து, இன்றும் பிரான்ஸ் தேசத்திலிருந்து பென்ஷன் வாங்கும் 'சொல்தா' அவர். (வெளியூர் வாசகர்களுக்கு: சிப்பாய் என்பதற்குப் பிரெஞ்சுச் சொல் புதுவை நாக்கில் இப்படி ஆயிற்று.) "வாத்தியார் ஐயா, அங்கே சின்ன ஊரில்கூட மாதா கோயில், ரொட்டிக் கடை, ஜூடோ கூடம் மூன்றும் இருக்கும்" என்றார்.

பெரியவர் மிகைப்படுத்தவில்லை. பிரான்ஸில் ஜூடோ சங்கத்தில் பெயர் பதிந்து பழகுவோர் சுமார் ஐந்து லட்சம் பேர், பெரும்பாலோர் குழந்தைகள். பையன் ஒல்லியோ, பருமனோ, பக்கத்துக் கூடத்தில் அவன் அளவுக்கு ஒருவன் அகப்பட்டுவிடுகிறான். குவாதலூப் தீவில் பிறந்த டெடி ரினேர் 100 கிலோவுக்கு மேற்பட்டோர் பிரிவில் 2012, 2016, 2024 மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியது இந்த ஏற்பாட்டின் பலன். கலப்புச் சண்டையை அந்தத் தேசம் 2020-ல்தான் சட்டப்படி அனுமதித்தது. ஆனால் அதற்கு முன்பே பாரிஸ் நகரத்துக் கூடம் ஒன்றில் இரண்டு பூதங்கள் தயாராகிக்கொண்டிருந்தன. காமரூன் தேசத்தில் சிறு வயதில் மணல் குழியில் வேலை செய்து, 2013-ல் பாரிஸ் வந்து தெருவில் படுத்துறங்கிய பிரான்சிஸ் இங்கானு ஒருவர்; 2018-ல்தான் கலப்புச் சண்டையில் இறங்கிய சிரில் கான் மற்றொருவர். 2021 மார்ச்சில் இங்கானு யு.எப்.சி.யின் கனத்த பிரிவுக்கு அதிபதியானார். ஆகஸ்டில் கான் அதே பிரிவின் இடைக்காலப் பட்டத்தைப் பெற்றார்.

கான் மூன்றே ஆண்டில் உச்சிக்கு ஏற முடிந்தது எப்படி? திறமையைக் குறை சொல்லவில்லை. ஆனால் 155 ராத்தல் பிரிவில் அது சொப்பனத்திலும் நடவாது. அங்கே ஒவ்வொரு படியிலும் பத்துப் பேர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கனத்த பிரிவில் உலகமெங்கும் ஆள் பஞ்சம். அமெரிக்காவின் பெரிய தேகமுள்ள வாலிபர்களைக் கால்பந்தும் கூடைப்பந்தும் கோடிக்கணக்கில் கொடுத்துக் கொண்டுபோய்விடுகின்றன. பெண்களிலும் மேற்படிகள் காலிதான். 145 ராத்தல் மகளிர் பட்டம் வைத்திருந்த அமாண்டா நூனெஸ் 2023-ல் விலகியபோது, பட்டத்துக்குப் போட்டியிட ஆளில்லாமல் அந்தப் பிரிவே வாடிப்போயிற்று.

நம்மவர்கள் எங்கே நிற்கிறார்கள்? 2017-ல் பரத் கண்டாரே 145 ராத்தல். 2023-ல் அன்சுல் ஜுப்லி 155. 2024-ல் யு.எப்.சி.யில் வெற்றி பெற்ற முதல் பாரதப் பெண் பூஜா தோமர் 115. எல்லோரும் கீழ்ப்படியில். மேற்படியில் ஏறிய ஒரே பெயர் அர்ஜன் புல்லர். கனடாவில் பிறந்த பஞ்சாபிப் பிள்ளை. 2010-ல் டில்லி காமன்வெல்த் பந்தயத்தில் கனடாவுக்காக 120 கிலோவில் தங்கம். 2021-ல் ஆசியாவின் ஒன் சாம்பியன்ஷிப் கனத்த பட்டம். ரத்தம் நம்முடையது. சோறும் கூடமும் ஜோடியும் அவர்களுடையவை. சிறிய உருவம் என்று சாக்குச் சொன்ன சிநேகிதருக்கு இந்தப் பெயரை எழுதி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

ஆண்களுக்கு இல்லாத தைரியம் பெண்களுக்கு வந்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். பாரிஸுக்குப் போன மல்யுத்த வீராங்கனைகள் ஐவர்; அவர்களில் நிஷா தஹியா 68-லும் ரீதிகா ஹூடா 76-லும் நின்றார்கள். 2025-ல் லிவர்பூலில் நடந்த உலகக் குத்துச்சண்டைப் பந்தயத்தில் நம் ஆடவர் ஒரு பதக்கமும் இல்லாமல் திரும்பியபோது, பெண்கள் 80 கிலோவில் வெண்கலமும் 80-க்கு மேற்பட்ட பிரிவில் வெள்ளியும் கொண்டுவந்தார்கள். அந்த வெள்ளியைப் பெற்ற நூபுர் சியோரன் யார் தெரியுமோ? பழைய ஹவா சிங்கின் பேத்தி.

பருமனான பிள்ளைகளையெல்லாம் பிடித்து மேடையில் ஏற்றுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்கவேண்டாம். ஊளைச் சதை வேறு, எலும்பும் தோளும் அகன்ற கட்டு வேறு. வைத்தியர் பார்த்துச் சொல்லவேண்டும். அதைவிட அவசரமானது பட்டினிப் பிள்ளைகளின் விஷயம். 1997-ல் அமெரிக்காவில் ஆறு வாரத்துக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் எடை குறைக்கும் முயற்சியில் உயிரை விட்டார்கள். அதன்பின் அங்கே விதிகளை மாற்றினார்கள். 2015-ல் ஒரு சீன வீரர் இறந்த பிறகு ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனம் நீர்ச்சத்துப் பரிசோதனை வைத்தது. நம் பள்ளிப் பந்தயங்களிலும் இரண்டு காரியம் செய்யலாம், காசு செலவில்லை. பருவ ஆரம்பத்தில், வயிறு நிறைந்திருக்கும் ஒரு நாளில் எடை பார்த்து, அதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று எழுதி வைத்துவிடலாம். தனியாளாய் நிற்கும் பெரிய பையனுக்குச் சும்மா பதக்கம் மாட்டி அனுப்பாமல், பக்கத்து மாவட்டங்களான கடலூரிலும் விழுப்புரத்திலும் இருக்கும் அவனைப் போன்ற நாலு பேரைக் கூட்டி, உப்பளம் மைதானத்தில் மாதம் ஒரு முறை மோதவிடலாம். பஸ் சத்தம் எவ்வளவு ஆகிவிடும்?

நான் அதிகாரியல்ல, என்னால் ஆனது ஒன்றுதான். ஐம்பத்தைந்து கிலோப் பையனின் தாயாரிடம், அவன் ஐம்பத்தைந்திலேயே தோற்றாலும் பரவாயில்லை, ராத்திரி சோறு போடுங்கள் என்று சொன்னேன். பெரிய பையனுக்காக வம்பாகீரப்பாளையத்தில் விசாரித்தேன். வலை இழுத்துத் தோள் பருத்த இளைஞர் ஒருவர், முன்பு கொஞ்சம் குத்துச்சண்டை பழகியவர், எடை 98, சாயங்காலங்களில் வர ஒப்புக்கொண்டார். கூலி வேண்டாம் என்றார். காபி மட்டும் போதும் என்றார்.

ஒரு வாரம் கழிந்தது. பையன் வகுப்புக்குள் நுழைந்தபோது கீழுதடு வீங்கியிருந்தது. இடது கண்ணின் கீழே கறுப்பு. முதல் பெஞ்சிப் பெண்கள் 'ஐயோ' என்றார்கள். அவன் நேரே என்னிடம் வந்தான்.

"சார், நேற்று மூன்று சுற்றிலும் தோற்றுவிட்டேன்" என்றான், அந்த வீங்கிய வாய் கொள்ளாத சிரிப்போடு. "இன்றைக்குச் சாயங்காலம் மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார், சார்."